பயந்தாங்கொள்ளிகளின் நீச்சல் வரலாறு

போன மே மாசம். கோயமுத்தூர்ல ஒரு நீச்சல் குளம், பேரு வேணாம். கோடை வகுப்புக்குக் காசு கட்டி மூணு நாள் ஆச்சு. அக்கா பொண்ணு, வயசு ஆறு, கரையோரக் கம்பியை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. புது நீச்சலுடை, தலைல ரோஸ் கலர் தொப்பி, கண்ணுல தவளை மாதிரி கண்ணாடி. எல்லாம் இருக்கு. காலு மட்டும் நகர மாட்டேங்குது.

முதல் நாள் மாஸ்டர் அவளை அலேக்காத் தூக்கி தண்ணிக்குள்ள விட்டுட்டார். மூக்குல தண்ணி ஏறி ஒரே அழுகை. ரெண்டாவது நாள் வண்டிய விட்டே இறங்கல. மூணாவது நாள் 'மாமா வந்தா வர்றேன்'னு கண்டிஷன் போட்டிருக்கா. அதான் நான் டூட்டில.

"தண்ணி என்னைய உள்ள இழுத்துக்கும் மாமா."

பின்னாடி நின்ன மச்சானுக்குப் பொறுமை போயிடுச்சு. "இந்தப் பயத்தை எல்லாம் வளர விடக்கூடாது மாப்ள. நம்ம ஊர்ல கெணத்துல தூக்கிப் போட்டா அடுத்த நிமிஷம் நீச்சல் வந்துரும். பாப்பா, உம் மாமனுக்கு எப்பிடி நீச்சல் வந்துச்சுன்னு கேளு. அவங்க சித்தப்பா தூக்கி எறிஞ்சாரு, உம் மாமன் மீனாட்டம் நீந்திக் கரைக்கு வந்துட்டான்!"

குழந்தை என்னைப் பார்த்தா. தவளைக் கண்ணாடிக்குள்ள கண்ணு ரெண்டும் பெருசாத் தெரியுது. நான் என்ன பண்ணினேன்? ஈன்னு இளிச்சேன். அந்த இளிப்புக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கோபி பக்கம் எங்க ஊரு. எனக்கு எட்டு வயசு, முழுப்பரீட்சை லீவு. கொங்குப் பக்கத்துக் கெணறு எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் கல்லுக் கட்டு, சுவத்துல இருந்து துருத்திக்கிட்டு நிக்கிற படி, மேல மோட்டார் ரூம். கீழ பச்சையா, அடி தெரியாத தண்ணி. பெரிய பசங்க மோட்டார் ரூம் மேல இருந்து குதிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் கடைசிப் படில உக்காந்து காலை நனைச்சுக்கிட்டு இருந்தேன். சித்தப்பா பின்னாடி வந்தார், ரெண்டு கக்கத்துலயும் கை குடுத்தார், வீசிட்டார்.

மீனும் இல்ல, மண்ணும் இல்ல. நேரா உள்ள போனேன். பச்சை வெளிச்சமும் காதுக்குள்ள 'ங்' ங்கிற சத்தமும் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. எங்க தோட்டத்துல வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் குதிச்சு முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டார். படில குப்புறப் படுத்து வாந்தி எடுத்தேன். சித்தப்பா சிரிச்சுக்கிட்டே, "அவ்ளோதான், இனி பயம் போயிருச்சு"ன்னார். மறுநாள் சோளத்தட்டுப் போருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் 16 வருஷம் முழங்காலுக்கு மேல எந்தத் தண்ணிலயும் இறங்கல. காலேஜ்ல பசங்களோட கொடிவேரி போனாலும் 'சளி பிடிச்சிருக்குடா'ன்னு துணிக்குக் காவல் இருந்தவன் நான். வேலைக்குப் போனப்புறம், 24 வயசுல, நாலடித் தண்ணில, தொந்தி வச்ச அங்கிள்களோட சாயங்கால பேட்ச்ல சேர்ந்துதான் நீச்சல் கத்துக்கிட்டேன். முகத்தைத் தண்ணிக்குள்ள வைக்கவே மூணு வாரம் ஆச்சு.

ஆனா குடும்பத்துல ஓடுற கதை வேற. 'தூக்கிப் போட்டோம், நீந்திட்டான்.' வருஷம் ஆக ஆக அந்தக் கெணறு ஆழமாகிக்கிட்டே போச்சு, நான் நீந்துன வேகமும் கூடிக்கிட்டே போச்சு. நானும் மறுத்துப் பேசினதில்ல. யாருக்குத்தான் வீரன்னு பேர் வாங்கக் கசக்கும்?

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. பயந்த குழந்தைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிறதுல மனுஷங்க இதுவரைக்கும் என்னதான் பண்ணியிருக்காங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன். பழைய கோடுக்குள்ள பூந்தா எந்த வரி எந்தக் காலத்துல யார் எழுதினதுன்னு தேடிக்கிட்டே போவோமே, அந்த வியாதிதான்.

நீச்சல் தெரிஞ்சிருக்கணும்ங்கிறதுல யாருக்கும் எப்பவும் சந்தேகம் இருந்ததில்ல. எழுத்தும் தெரியாது நீச்சலும் தெரியாதுங்கிறது கிரேக்கர்கள்ட்ட முட்டாளைக் குறிக்கிற சொலவடை. பிளேட்டோவே 'சட்டங்கள்' நூல்ல அதைச் சொல்றார். யூதர்களோட தால்மூத், அப்பன் மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளைச் சொல்லும்போது, நீச்சல் கத்துக் குடுக்கிறதும் அதுல சேரும்னு சிலர் கருத்துன்னு பதிவு பண்ணுது. காரணம் ரொம்ப நேரடியானது: அவன் உயிரே அதுல இருக்கலாம்.

ரோமாபுரிக்கு வந்தா நம்ம மச்சானோட மூதாதையரைச் சந்திக்கிறோம். மூத்த கேட்டோ. மகனை வாத்தியார்கிட்ட விடாம தானே எல்லாம் சொல்லிக் குடுத்தவர். சுழலும் இழுப்பும் உள்ள ஆத்துல மகனை நீந்தப் பழக்கினார்னு புளூடார்க் எழுதி வச்சிருக்கார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியும் பேரன்களுக்குத் தானே எழுத்தும் நீச்சலும் கத்துக் குடுத்ததா சூட்டோனியஸ் சொல்றார். இதுல ஒரு தமாஷ் இருக்கு. லத்தீன்ல 'நடாரே'ன்னா நீந்துறது, 'நொடாரே'ன்னா சுருக்கெழுத்து. ஏடு எழுதினவன் ஒரு எழுத்தைக் கோட்டை விட்டுட்டான், அது சுருக்கெழுத்துதான்னு பின்னாடி வந்த அறிஞர்கள் சிலர் திருத்தினாங்க. ஒரே ஒரு எழுத்து பக், நானூறு வருஷமா டிக்கெட் குளோஸ் ஆகல :-)

ஆனா எல்லா ரோமானியக் குழந்தையும் சுழல்லதான் கத்துக்கிச்சா? இல்ல. கவிஞர் ஹொரேஸ் தன் அப்பாவைப் பத்திச் சொல்ற இடத்துல, வயசு வந்ததும் தக்கை இல்லாம நீந்துவேன்னு அப்பா சொன்னதா போற போக்குல ஒரு உவமை வருது. உவமையாச் சொல்ற அளவுக்கு, சின்னப் பசங்க தக்கை கட்டிக்கிட்டுப் பழகுறது அங்க சாதாரணமா இருந்திருக்கு.

தக்கைன்னு படிச்சதும் எனக்குப் பொறி தட்டுச்சு. மறுநாள் காலைல ஊருக்கு போன் போட்டு அப்பத்தாகிட்ட கேட்டேன். "அப்பத்தா, அந்தக் காலத்துல நம்மூட்டுப் புள்ளைங்களுக்கு நெசமாலுமே கெணத்துல தூக்கிப் போட்டுத்தான் பழக்குனாங்களா?"

அப்பத்தாவுக்குக் கோவம் வந்துருச்சு. "எந்தக் கிறுக்கன் சாமி சொன்னான்? சொரக்குடுக்கைய முதுவுல கட்டி, இடுப்புல கவுறு கட்டி, உங்க தாத்தா படில நின்னுக்கிட்டு அந்தக் கவுத்தப் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. மொதல்ல படியப் பிடிச்சுக்கிட்டு காலை மட்டும் அடிக்கோணும். நாலஞ்சு நாள் கழிச்சு ரெண்டு குடுக்கை ஒண்ணாவும். அப்பறம் குடுக்கையே இல்லாம. எல்லாம் ஆனப்பறந்தான் மேல இருந்து குதிக்கச் சொல்லுவாரு. உங்க சித்தப்பனுக்கும் அப்பிடித்தான்."

அப்படியே உக்காந்துட்டேன். தூக்கிப் போடுறது பாடமே இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் நடக்கிற கடைசி நாள் கூத்து அது! குடுக்கையும் கயிறும் படியும் நாலஞ்சு நாளும் கதை சொல்றதுக்கு ருசியா இல்ல, அதனால உதிர்ந்து போச்சு. 'தூக்கிப் போட்டாரு, நீந்திட்டேன்' மட்டும் தங்கிருச்சு. சித்தப்பா தனக்கு நடந்ததுல கடைசிப் பக்கத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு, அதை எம்மேல நடத்திட்டார். டெஸ்டிங் எல்லாம் முடிச்சு புரொடக்‌ஷன்ல போட்டதை மட்டும் பார்த்துட்டு, 'நேரா புரொடக்‌ஷன்ல போட்டாத்தான் சாஃப்ட்வேர் ஓடும்'னு ஒரு மேனேஜர் முடிவு பண்ணினா எப்படி இருக்கும்? அதேதான்.

இன்னொண்ணு. தூக்கிப் போட்டு நீந்தி வந்தவன் மட்டும்தான் பின்னாடி திண்ணைல உக்காந்து கதை சொல்வான். வராதவன் சொல்ல மாட்டான். என்னை மாதிரி நடுவுல மாட்டினவன் இளிச்சுக்கிட்டு நிப்பான்.

சரி, ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். நீச்சலுக்குன்னு முதல்ல அச்சான புத்தகம் 1538ல் ஜெர்மனியில நிக்கோலஸ் வின்மன் லத்தீன்ல எழுதினது. ரெண்டு பேர் பேசிக்கிற உரையாடல் வடிவம். ஆனா எனக்குப் பிடிச்சது அடுத்தவர் கதை. 1571ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு உத்தரவு போடுது. மாணவர்கள் யாரும் ஆத்துலயோ குளத்துலயோ இறங்கி நீந்தக் கூடாது. மாட்டினா முதல் தடவை சவுக்கடி. மறுபடி மாட்டினா வெளியே துரத்தல். தண்ணில செத்துப் போறாங்கன்னா தண்ணிப் பக்கமே போகாதே. நம்ம ஊர் ஹாஸ்டல் வார்டன் லாஜிக்! அதே கேம்பிரிட்ஜ்ல இருந்த எவரார்ட் டிக்பிங்கிறவர் 1587ல் நீச்சல் கலையைப் பத்தி படத்தோட ஒரு புத்தகம் போட்டார். 1595ல் இங்கிலீஷ்லயும் சுருக்கி வந்துச்சு. தண்ணில இறங்குறதுக்கு முன்னாடியே அவர் எவ்வளவு பேசுறார் தெரியுமா? எந்த மாசம் நல்லது (மே முதல் ஆகஸ்ட்), கரை எப்படி இருக்கணும், தண்ணி தெளிவா இருக்கா, கூட ஆள் இருக்கா. நீந்துறது எப்படிங்கிறதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்து ஜான் லாக். தத்துவஞானி. 1693ல் பிள்ளை வளர்ப்பு பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல நீச்சல் கட்டாயம் வேணும்னு சொல்றார். கூடவே பிள்ளைங்க காலை தினமும் பச்சைத் தண்ணில கழுவணும், தண்ணி உள்ள போற மாதிரி மெல்லிசான செருப்பு போடணும்னும் சொல்றார். (எங்க அக்கா படிச்சா லாக்கை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா.) ஆனா கவனிங்க, அந்தப் பச்சைத் தண்ணியக்கூட எடுத்த எடுப்புல ஊத்தச் சொல்லல. வசந்த காலத்துல வெதுவெதுன்னு ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாச் சூட்டைக் குறைக்கணும்ங்கிறார்.

அதே புத்தகத்துல பயத்தைப் பத்தித் தனியா ஒரு இடம். ஒரு குழந்தை தவளையைப் பார்த்து அலறி ஓடுது. என்ன பண்ணணும்? வேற யாராவது தவளையைப் பிடிச்சுத் தூரத்துல வைக்கணும். முதல்ல பார்க்க மட்டும் பழகட்டும். அது பழகினதும் கிட்ட வந்து அது தாவுறதைப் பார்க்கட்டும். அப்புறம் வேற ஆள் கெட்டியாப் பிடிச்சிருக்கும்போது லேசாத் தொடட்டும். இப்படியே போய் கடைசியில தானே கையில வாங்கிக்கும். நீச்சலையும் தவளையையும் ஒரே புத்தகத்துல எழுதின மனுஷன் ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடல. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முடிச்சுப் போட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மின்னலுக்குப் பட்டம் விட்ட அதே ஃபிராங்க்ளின்தான். சின்ன வயசுலயே தண்ணிப் பைத்தியம். பிரெஞ்சுக்காரர் தெவெனோவோட நீச்சல் புத்தகத்தைப் பார்த்து அதுல இருந்த வித்தையெல்லாம் பழகினவர். 1726ல், 20 வயசுல, லண்டன்ல அச்சகத் தொழிலாளி. நண்பர்கள் கேட்டாங்கன்னு தேம்ஸ் நதியில செல்சியாவுல குதிச்சு பிளாக்ஃபிரையர்ஸ் வரைக்கும், மூணு மைலுக்கு மேல, வழியெல்லாம் வித்தை காட்டிக்கிட்டே நீந்தியிருக்கார். ரெண்டே தடவை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேருக்கு நீச்சல் கத்துக் குடுத்தும் இருக்கார். இதைக் கேள்விப்பட்டு சர் வில்லியம் விண்டம்னு ஒரு பெரிய மனுஷன், 'பசங்க ரெண்டு பேரும் வெளியூர்ப் பயணம் போறாங்க, நீச்சல் சொல்லிக் குடுங்க'ன்னு ஆள் விட்டார். ஃபிராங்க்ளின் அமெரிக்கா கிளம்புற நேரம், முடியல. முன்னாடியே கேட்டிருந்தா லண்டன்லயே நீச்சல் பள்ளிக்கூடம் வச்சு உக்காந்திருப்பேன்னு சுயசரிதையில எழுதியிருக்கார். அமெரிக்க வரலாறே மாறியிருக்கும், போங்க.

பல வருஷம் கழிச்சு, இந்த வயசுல இனி எங்க கத்துக்கிறதுன்னு தயங்கின ஒரு நண்பருக்கு ஃபிராங்க்ளின் ஒரு கடிதம் எழுதினார். 1769ல் அச்சுலயும் வந்துச்சு. தக்கையோ காத்தடைச்ச பையோ கை கால் அசைவு பழக வேணா உதவும். ஆனா தண்ணி நம்மைத் தாங்கும்ங்கிற நம்பிக்கை வராம யாரும் நீச்சல்காரன் ஆக முடியாது, அதனால அந்த நம்பிக்கையை முதல்ல சம்பாதிங்கன்னு சொல்றார். எப்படிச் சம்பாதிக்கிறது? இங்கதான் தலைவர் நிக்கிறார்.

படிப்படியா ஆழமாகுற இடமாப் பாருங்க. நெஞ்சளவுக்கு நடந்து போங்க. திரும்பி கரையைப் பார்த்து நில்லுங்க. கையில ஒரு முட்டை. உங்களுக்கும் கரைக்கும் நடுவுல தண்ணில போடுங்க. முங்கும், வெள்ளையா அடியில தெரியும். இப்ப கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு அதை எடுக்கப் பாய்ங்க. கரைப் பக்கமாப் போறதால ஆழம் குறைஞ்சுக்கிட்டேதான் வரும், எப்ப வேணும்னாலும் காலை ஊனி நின்னுக்கலாம், பயம் வேண்டாம். எடுக்கப் போனா என்ன ஆகும்? முட்டை கைக்கு வராது. உங்க இஷ்டத்துக்கு விரோதமா தண்ணி உங்களை மேல தள்ளும். முங்குறது நீங்க நினைச்ச மாதிரி அவ்வளவு சுலபம் இல்லைன்னு உடம்புக்கே புரியும்.

நீந்தச் சொல்லல, மக்களே. முங்கப் பாருன்னு சொல்றார்! எது நடக்கும்னு பயப்படுறியோ அதையே செய்ய முயற்சி பண்ணு, அது எவ்வளவு கஷ்டம்னு பாரு. மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சா பெரும்பாலான மனுஷ உடம்பு நல்ல தண்ணிலயே மிதந்துரும். இதை வாயால ஆயிரம் தடவை சொல்லலாம். ஆனா தண்ணில தவறி விழுந்த நேரத்துல புத்தியில படிச்சது எதுவும் உதவிக்கு வராதுன்னு ஃபிராங்க்ளினே அதே கடிதத்துல ஒத்துக்கிறார். உடம்பு முன்னாடியே அனுபவிச்சிருந்தாத்தான் உண்டு.

இவ்வளவு அழகான விஷயத்தை உலகம் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சான்னா, அதான் இல்ல. அடுத்த நூத்தாண்டு ராணுவத்தோட கையில போயிடுச்சு. எர்ன்ஸ்ட் வான் ஃபூல்னு ஒரு பிரஷ்யத் தளபதி (பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க) 1817ல் பெர்லின்ல நீச்சல் பள்ளி ஆரம்பிச்சார். இடுப்புல பெல்ட், பெல்ட்ல கயிறு, கயிறு ஒரு கழியில. தூண்டில்ல மாட்டின மீன் மாதிரி ஆள் தொங்குவான், வாத்தியார் கரைல நின்னு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவார். சிப்பாய்களுக்கு அது ஓடுச்சு. நூறு பேரைச் சீக்கிரமாப் பழக்கணும்னா வேற வழியும் இல்ல. ஆனா அதே முறை பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தப்ப, குழந்தைங்க தண்ணியைப் பார்க்குறதுக்கு முன்னாடி பெஞ்சுல குப்புறப் படுத்து எண்ணிக்கைக்குக் கால் உதைச்சாங்க. வரிசை தலைகீழாப் போச்சு. அசைவு முதல்ல, தண்ணி அப்புறம், நம்பிக்கையைப் பத்திப் பேச்சே இல்ல.

1925ல் வியன்னாவுல குர்ட் வீஸ்னர்ங்கிறவர் 'இயற்கையான நீச்சல் பயிற்சி'ன்னு ஒரு புத்தகம் போட்டு இதை உடைச்சார். கழியும் வேணாம் பெஞ்சும் வேணாம், முதல்ல குழந்தை தண்ணிக்குள்ள விளையாடட்டும், முகம் நனைக்கட்டும், மிதக்கட்டும், அசைவு தன்னால வரும்ங்கிறது அவர் கட்சி. இன்னிக்கு நல்ல பயிற்சியாளர்கள் முதல் வாரம் குமிழி ஊதுற விளையாட்டா நடத்துறாங்கன்னா அது இந்த வழியில வந்ததுதான்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1924ல், அமெரிக்காவுல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினாங்க. பீட்டர்னு ஒரு பையன், மூணு வயசு முடியல. முயல்னா உயிர் போற பயம். பயமில்லாத குழந்தைங்க முயலோட விளையாடுற இடத்துல அவனையும் விட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தேறினான். அப்புறம் உடம்பு சரியில்லாம ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி, வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் பயமுறுத்திடுச்சு, எல்லாம் பழையபடி. இதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. பயம் திரும்பி வரும். வந்தா பழைய இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும், அவ்வளவுதான். அவங்க ஆரம்பிச்சாங்க. பீட்டருக்குப் பிடிச்ச தின்பண்டத்தைக் குடுத்துட்டு, அவன் சாப்பிடுறது தடைபடாத தூரத்துல கூண்டோட முயலை வச்சு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட. கடைசியில அவனே முயலைத் தடவிக் குடுத்தான். 1693ல் லாக் எழுதின தவளை, 231 வருஷம் கழிச்சு முயலா வந்து நிக்குது!

கடைசியா ஒண்ணு, என்னைக் கவுத்தது. 1998ல் மௌரீன் வைஸும் கூட்டாளிகளும் அமெரிக்காவுல 24 குழந்தைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. சராசரி வயசு ஆறு. எல்லாரும் நீச்சலுக்குப் பயந்தவங்க. வகுப்போட சேர்த்து ஒரு கூட்டத்துக்கு, முதல்லயே எல்லாம் கச்சிதமாச் செய்யுற இன்னொரு குழந்தையோட வீடியோ. இன்னொரு கூட்டத்துக்கு, 'கஷ்டமா இருக்கு, பயமா இருக்கு'ன்னு ஆரம்பிச்சு மெல்ல மெல்லத் தேறுற குழந்தையோட வீடியோ. மூணாவது கூட்டத்துக்கு நீச்சலுக்குச் சம்பந்தமே இல்லாதது. நீச்சல் வீடியோ பார்த்த ரெண்டு கூட்டமும் மூணாவதைவிட நல்லாத் தேறுச்சு. ஆனா 'என்னால முடியும்'ங்கிற நம்பிக்கையைப் பொறுத்தவரை, தடுமாறித் தேறின குழந்தையைப் பார்த்ததுதான் அதிகமா வேலை செஞ்சுது.

படிச்சுட்டு லேப்டாப்பை மூடிட்டேன். என் மருமகளுக்கு நான் இத்தனை நாளா எந்த வீடியோ? மீனாட்டம் நீந்தின மாமன். கச்சிதமான வீடியோ. அதுவும் பொய் வீடியோ.

'பயமா இருந்தா விட்டுருங்க, நீச்சலே வேணாம்'னு சொல்லிட்டுப் போகவும் முடியாது. 2021ல் மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கிச் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 5 முதல் 14 வயசுப் பிள்ளைங்க சாவுக்கு மூணாவது முக்கியக் காரணம் அது. வங்காளதேசத்துல வீட்டைச் சுத்திக் குளம்தான். அங்க நடந்த 'சுவிம்சேஃப்' திட்டத்துல, ஊர்க் குளத்துக்குள்ளயே மூங்கில் மேடை கட்டி, நாலு வயசுக்கு மேல உள்ள குழந்தைங்களுக்கு அதுல நின்னு பழக்கினாங்க. 25 மீட்டர் நீந்தணும், 30 வினாடி மிதக்கணும், தானும் தண்ணில குதிக்காம அடுத்தவனைக் காப்பாத்தத் தெரியணும், இவ்வளவுதான் பாடம். மேடைல நின்னா காலுக்கு அடி தட்டும். எங்க தாத்தாவோட படியும் கயிறும்தான் அது, மூங்கில்ல.

ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பாப்பாவை மடில வச்சுக்கிட்டு, "மாமா உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் சாமி"ன்னு ஆரம்பிச்சேன். கெணறு, பச்சைத் தண்ணி, வாந்தி, சோளத்தட்டுப் போர் எல்லாம் சொன்னேன். மச்சான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார், பக்கம் திருப்பல.

"மாமா, நீ அழுதியா?"

"ம். மூக்கெல்லாம் ஒழுகிச்சு."

அவளுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் ரொம்ப சீரியஸா, "அப்ப தண்ணி உன்னைய உள்ள இழுத்துச்சா?"ன்னு கேட்டா. அதுக்குப் பதில் சொல்லல. பார்த்துக்கலாம்னுட்டேன்.

அந்த வகுப்பை நிறுத்திட்டோம். முதல் வாரம் வீட்டுல அண்டாவும் ஸ்ட்ராவும். தண்ணில குமிழி ஊதுறது, மூக்கு நனைக்கிறது, கண்ணாடி போட்டுக்கிட்டு அண்டாவுக்குள்ள எட்டிப் பார்க்குறது. ரெண்டாவது வாரம் குளத்துக்குப் போய் படியில உக்காந்தோம். வேற ஒண்ணும் இல்ல, உக்காந்தோம். நடுவுல ஒரு நாள் பக்கத்துல ஒரு பையன் தடால்னு குதிச்சு இவ முகமெல்லாம் தண்ணி, மறுபடி கம்பியக் கட்டிப் பிடிச்சுட்டா. பீட்டரை நினைச்சுக்கிட்டு மறுபடி அண்டாவுல இருந்து ஆரம்பிச்சேன். மூணாவது வாரம் அவ நெஞ்சளவுத் தண்ணி, கை எட்டுற தூரத்துல நான். நீச்சல் குளத்துல முட்டை போட முடியாதே, வாட்ச்மேன் துரத்தி விட்டுருவார். அக்கா வீட்டு எவர்சில்வர் ஸ்பூன் ஒண்ணைக் கொண்டு போயிருந்தேன். போட்டேன். அடியில மினுக்குன்னு கிடந்துச்சு.

"எடு பாப்பா."

மூச்சை இழுத்துக்கிட்டு முகத்தை உள்ள விட்டா. கை ரெண்டும் துழாவுது, காலு மேல வந்துருச்சு, முதுகு கார்க்காட்டம் மிதக்குது. ஸ்பூன் கைக்கு எட்டல. எந்திரிச்சா. மறுபடி போனா. மறுபடி மேல வந்துட்டா. மூணாவது தடவை எந்திரிச்சு, இருமிக்கிட்டே, பயங்கரக் கடுப்புல கத்தினா:

"மாமா, தண்ணி உள்ள விடவே மாட்டேங்குது!"

நீச்சல் இன்னும் வரல. மிதக்குறா, கால் அடிக்கிறா, அவ்வளவுதான். ஸ்பூனை எட்டாவது தடவைல எடுத்துட்டா.

மச்சான் கரைல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். பாப்பா துண்டு கட்டிக்கிட்டு பிஸ்கட் தின்னப் போனதும் கிட்ட வந்தார். சுத்தி முத்தியும் பார்த்துட்டு, மெதுவா, "மாப்ள, எங்கப்பாவும் என்னைய கெணத்துலதான் போட்டாரு"ன்னார்.

"அப்புறம் மச்சான்?"

"அப்புறம் என்ன. அந்த ஸ்பூன நாளைக்கும் எடுத்துட்டு வா."

டிஸ்கி: வீட்டுல முயற்சி பண்றவங்க, குழந்தை எவ்வளவு ஆழத்துல நின்னாலும் ஒரு பெரிய ஆள் கை எட்டுற தூரத்துல தண்ணிக்குள்ளயே நில்லுங்க, மொபைல் கரைல இருக்கட்டும். அப்புறம் அக்கா, காணாமப் போன அந்த ஆறாவது ஸ்பூன் எங்கிட்டதான் இருக்கு :-)